பேஜரைக் கொடுப்பதற்கு முன்: பேக்எண்ட் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேக்எண்ட் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும், ஆன்-கால் பட்டியலில் பெயர்களைச் சேர்க்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பேக்எண்ட் (சர்வர், டேட்டாபேஸ் பக்க) பொறியாளரை எப்போது ஆன்-கால் சுற்றில் (பழுது வந்தால் எந்நேரமும் முதலில் கவனிக்கும் முறைப்பணியில்) சேர்ப்பது என்ற கேள்விக்குப் பல குழுக்களில் காலண்டர்தான் பதில் சொல்கிறது. மூன்று மாதம் முடிந்தால் அடுத்த சுற்றில் பெயர் ஏறிவிடும். அதற்குள் அவர் கோட் நிறைய எழுதியிருப்பார். ஆனால் புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் நிஜ அமைப்பில்) ஒரு தடவைகூடத் தன் கையால் ரோல்பேக் (முந்தைய பதிப்புக்குத் திருப்புவது) செய்திருக்க மாட்டார். எந்த லாக் (நிகழ்வுப் பதிவு) எங்கே கிடக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸ் வினவலை நிறுத்தத் தனக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் தெரியாது. அந்த நிலையில் நள்ளிரவில் அலர்ட் (பழுது என்று பேஜரோ போனோ தரும் எச்சரிக்கை) வந்தால் அவரால் முடிவது ஒன்றுதான், இன்னொருவரை எழுப்புவது. அதற்கு ஒரு பொறியாளர் எதற்கு? அலர்ட்டை நேராக அந்த இன்னொருவருக்கே அனுப்பிவிடலாம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்க்காதீர்கள், எதையெல்லாம் தன் கையால் செய்து பார்த்திருக்கிறார் என்று பாருங்கள். எவற்றையெல்லாம் என்று கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் அனுமதிகள். சலிப்பான வேலைதான், ஆனால் இரவில் முதலில் காலை வாருவது இதுதான். பணிநேரத்தில் பக்கத்தில் கேட்க ஆள் இருக்கும். இரவில் விபிஎன் கேட்கும் இரண்டாம்கட்டச் சரிபார்ப்பு பழைய போனுக்குப் போகும். ஆகவே, இரவில் எந்த லேப்டாப்பும் எந்த நெட்வொர்க்கும் அவர் கையில் இருக்குமோ அதிலிருந்தே எல்லாவற்றையும் ஒரே அமர்வில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: லாக் தேடல், டாஷ்போர்டு, டெப்ளாய் கருவி (புதிய கோடை சர்வருக்கு அனுப்புவது), கிளவுட் கன்சோல், படிக்க மட்டும் உரிமையுள்ள டேட்டாபேஸ் இணைப்பு. "அனுமதி இல்லை" என்று வரும் ஒவ்வொரு திரையும் பகலிலேயே பிடிபட்ட ஒரு பழுது. சில நாட்களில் தானாகக் காலாவதியாகும் அனுமதிகள் இருந்தால், பணி தொடங்கும் நாளில் இதை மறுபடி செய்ய வேண்டும். போனை சைலண்டில் போட்டுத் திரையைப் பூட்டி வைத்து ஒரு சோதனை அலர்ட்டும் அனுப்பிப் பாருங்கள். மணி அடிக்காத போன்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கின்றன.

ரன்புக்கும் (எந்த அலர்ட்டுக்கு என்ன செய்வது என்ற கையேடு) தொடர்பு எண்களும் நீங்கள் நடத்தும் அதே சேவையை நம்பி இருக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுதுபார்க்கப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உள் கருவிகள் பலவும் கூடவே செயலிழந்தன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 தடைப்பட்டபோது, "சேவை தடைப்பட்டிருக்கிறது" என்று அறிவிக்கும் பக்கத்தையே நெடுநேரம் புதுப்பிக்க முடியவில்லை. அதை மாற்றும் கருவியும் எஸ்3-ஐ நம்பியிருந்தது. புதியவரின் லேப்டாப்பில் ரன்புக்கின் நகல் ஒன்று, நெட்வொர்க் இல்லாமலே திறக்கும்படி இருக்கட்டும்.

அடுத்தது ரோல்பேக். சேவையை மீட்பது முதல் வேலை, காரணத்தைத் தேடுவது இரண்டாவது வேலை. இதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் புதியவருக்கு யாரும் அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுப்பதில்லை. "அலர்ட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் டெப்ளாய் நடந்திருந்தால், யாரையும் கேட்காமல் ரோல்பேக் செய்யலாம், அது தேவையில்லாமல் போனாலும் யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்று குழுவின் விதியாகவே எழுதி வையுங்கள். இல்லையென்றால் புதியவர் தயங்குவார். தயக்கத்துக்குத் தரும் இடம் மிகக் குறைவு. மாதத்துக்கு 99.9 சதவீதம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்த சேவைக்கு, 30 நாளில் அனுமதிக்கப்பட்ட மொத்தத் தடை 43 நிமிடம் 12 வினாடி. 99.99 என்றால் 4 நிமிடம் 19 வினாடிதான். புதியவர் தானே ஒரு சிறிய மாற்றத்தைப் பகலில் டெப்ளாய் செய்து, உடனே திருப்பி, கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். ரோல்பேக்குக்கு 20 நிமிடம் ஆகிறது என்றால், 99.9-இன் மாத ஒதுக்கீட்டில் ஏறக்குறைய பாதி அதிலேயே போகிறது. அது அவருடைய குறை இல்லை, உங்கள் டெப்ளாய் பைப்லைனின் குறை.

ரோல்பேக் எப்போது ஆபத்து என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். புதிய பதிப்போடு சேர்ந்து ஒரு மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் படி) டேபிளின் பழைய நிரல் (column) ஒன்றை நீக்கியிருந்தால், பழைய கோட் அந்த நிரலைத் தேடி விழும். புதிய பதிப்பு கியூவில் (வேலைகள் காத்திருக்கும் வரிசையில்) போட்ட செய்தியின் வடிவம் பழைய பதிப்புக்குப் புரியாமலும் போகலாம். இதனால்தான் நிரலைச் சேர்ப்பது ஒரு டெப்ளாய், இரண்டிலும் எழுதுவது அடுத்தது, பழைய தரவை நிரப்பிப் புதியதிலிருந்து படிப்பது அதற்கடுத்தது, பழைய நிரலை நீக்குவது சில நாள் கழித்துத் தனியாக என்று பிரிக்கிறோம். ஒவ்வொரு படியிலும் ஒரு படி பின்னால் போக முடியும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடலில் நடந்ததைப் புதியவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசுங்கள். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் போனது. எட்டாவதில் பல வருடம் பயன்படாமல் கிடந்த பழைய கோட், மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு ஃப்ளாக்கால் (கோடின் ஒரு பகுதியை இயக்கும் சுவிட்சால்) உயிர்பெற்றுப் பங்குச் சந்தைக்கு ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. நிலைமையைச் சரிசெய்ய முயன்றவர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய கோடை நீக்கினார்கள். நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆகவே ரோல்பேக் பொத்தானை அழுத்தும் முன் முதலில் பார்க்க வேண்டிய விஷயம், எந்த சர்வரில் இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது. இதை ஒரே திரையில் காட்ட உங்களிடம் வழி இல்லையென்றால், புதியவரைத் தயார்ப்படுத்தும் முன் அதைச் செய்யுங்கள்.

இனி, பேக்எண்ட் ஆன்-காலில் திரும்பத் திரும்ப வரும் டேட்டாபேஸ் இணைப்புப் பிரச்சினை. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அறிகுறி ஓரிடத்திலும் நோய் வேறிடத்திலும் இருக்கும்.

கணக்கு எளிது. வினாடிக்கு 200 கோரிக்கை வருகிறது. ஒவ்வொன்றும் ஓர் இணைப்பை 50 மில்லிவினாடி பிடித்து வைக்கிறது. அப்படியானால் ஒரே சமயத்தில் பயன்பாட்டில் இருப்பது 10 இணைப்பு. அதே வினவல் 500 மில்லிவினாடி ஆகிவிட்டால் 100 இணைப்பு தேவை. கோரிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனால் தேவை பத்து மடங்கு. பூலில் (ஆப் திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பில்) இடம் தீர்ந்து மற்ற எல்லாக் கோரிக்கைகளும் வரிசையில் நிற்கும். அப்போது ஆப் சர்வரின் சிபியு சும்மா இருக்கும், சில சமயம் டேட்டாபேஸின் சிபியுவும் சும்மா இருக்கும், ஆனால் வாடிக்கையாளருக்கு எதுவும் திறக்காது. சிபியு வரைபடத்தை மட்டும் பார்க்கப் பழகியவர் இங்கே திகைத்து நிற்பார். பூலில் காத்திருக்கும் நேரத்தை டாஷ்போர்டின் முதல் வரிசையில் வையுங்கள்.

இன்னொரு கணக்கு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் இயல்பான அமைப்பில் 100 இணைப்புகளை அனுமதிக்கும். அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. ஆப்புக்குக் கிடைப்பது 97. உங்கள் சேவைக்கு 12 பாட் (சேவையின் ஓடும் நகல்), ஒவ்வொன்றிலும் பூல் அளவு 8 என்றால் 96. சரியாகப் பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். பாட்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் இயல்பாக டெப்ளாய் சமயத்தில் 25 சதவீதம் வரை கூடுதல் பாட்களை எழுப்பும். 12 என்பது 15 ஆகும், தேவை 120 ஆகும். டெப்ளாய் செய்யும் சில நிமிடம் மட்டும் "இணைப்புகள் அதிகம்" என்ற பிழை வந்து, யாரும் எதுவும் செய்யாமலே மறைந்துவிடும். தானாகச் சரியானது என்று அதை மூடிவைக்காமல் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கப் புதியவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பூல் நிரம்பியிருக்கும்போது புதியவர் பார்க்க வேண்டியது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி (pg_stat_activity), போஸ்ட்கிரெஸின் இணைப்புகள் இப்போது என்ன செய்கின்றன என்ற பட்டியல். எந்த டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்க வேண்டிய வேலைத் தொகுதி) எப்போது தொடங்கியது என்று பழையதை மேலே வைத்து வரிசைப்படுத்தினால், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வரிகளிலேயே குற்றவாளி கிடைக்கும். ஒரு வினவல் நெடுநேரமாக ஓடினால் அதை ரத்து செய்தால் போதும். ஆனால் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு எதுவும் செய்யாமல் சும்மா நிற்கும் இணைப்பை ரத்துக் கட்டளை ஒன்றும் செய்யாது, ரத்து செய்ய அங்கே ஓடும் வினவலே இல்லை. அந்த இணைப்பையே துண்டிக்க வேண்டும். இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்துகொண்டு வெளியே ஒரு ஏபிஐ-யைக் கூப்பிடும் கோட். அந்த வெளிச் சேவை மெதுவானால் உங்கள் பூலில் இணைப்புகள் தீர்ந்துவிடும். இதை நிரந்தரமாக அடைக்க, சும்மா நிற்கும் டிரான்சாக்‌ஷனுக்கு டேட்டாபேஸிலேயே ஒரு காலவரம்பு வையுங்கள், உதாரணமாக 30 வினாடி.

இதே வகையைச் சேர்ந்தது மைக்ரேஷன் பூட்டு. ஒரு அறிக்கைக்கான நீண்ட வினவல் ஒரு டேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த டேபிளை மாற்றும் ஆல்டர் கட்டளை அதன் பின்னால் காத்திருக்கிறது. அது கேட்பது முழுப் பூட்டு என்பதால், அதற்குப் பிறகு வரும் சாதாரணப் படிப்பு வினவல்களும் அதன் பின்னால் வரிசை கட்டும். மில்லிவினாடியில் முடிய வேண்டிய மாற்றம் முழுச் சேவையையும் நிறுத்திவிடும். மைக்ரேஷன் ஓட்டும் இணைப்பில் பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பை 2 வினாடி என்று வைத்து, கிடைக்காவிட்டால் விலகி மறுபடி முயல்வதே வழி. பயன்பாட்டில் இருக்கும் டேபிளில் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) போடும்போது, எழுதுவதைத் தடுக்காத கன்கரண்ட்லி (CONCURRENTLY) வகையையே பயன்படுத்த வேண்டும். அதை டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது. நடுவில் முறிந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும், அதை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

டிஸ்க் நிரம்பும் அலர்ட் எளிது என்று நினைத்துத்தான் புதியவரிடம் விடுகிறோம். அவர் பெரிய லாக் கோப்பைக் கண்டுபிடித்து நீக்குவார். டிஎஃப் (df) கட்டளை இன்னும் 100 சதவீதம் என்றே காட்டும், டியூ (du) கட்டளையோ கோப்புகள் அவ்வளவு இடம் எடுக்கவில்லை என்று சொல்லும். இரண்டும் பொய் இல்லை. நீக்கிய கோப்பை ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது. நீக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை காட்டும். அந்தப் புராசஸை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும். இனிமேல் நீக்காமல், கோப்பின் அளவை மட்டும் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். டிஎஃப் 60 சதவீதம் என்று காட்டும்போதே "இடம் இல்லை" என்ற பிழை வந்தால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் உள்ள பதிவு) எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் எங்கோ சேர்ந்திருக்கும்.

நினைவகம் தீர்ந்து விழுவதற்கு, புராசஸ் முடியும்போது விடும் எண்ணே முதல் துப்பு: 137. அது 128-உம் 9-உம் சேர்ந்தது, அதாவது 9-ஆம் சிக்னல் அந்தப் புராசஸைக் கொன்றது; நினைவகம் தீர்ந்தால் அதை அனுப்புவது கெர்னல் (இயங்குதளத்தின் மையம்). இதைப் பிடித்து நிறுத்த எந்தக் கோடாலும் முடியாது, ஆகவே ஆப் லாக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. லாக்கில் பிழையைத் தேடி அரை மணி நேரத்தைப் போக்குவது இங்கேதான். பாடுக்குள் ஓடிய முந்தைய கண்டெய்னர் நின்ற காரணத்தையும் பாடின் நிகழ்வுகளையும் பார்க்கத் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. 143 என்றால் 15-ஆம் சிக்னல். பெரும்பாலும் முறையாக நிறுத்தச் சொன்னதால் நின்றது, பதற்றம் வேண்டாம்.

முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் ப்ராக்ஸி திருப்பும் எண்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 502 என்றால் பின்னால் இருக்கும் சேவை இணைப்பை மறுத்தது அல்லது பாதியில் அறுத்தது. 504 என்றால் அது நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி இயல்பாக 60 வினாடி காத்திருந்து கைவிடும். முதலாவதில் புராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவதில் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். லோட் சராசரி (ஓடும், ஓடக் காத்திருக்கும் புராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) உயரமாக இருந்தும் சிபியு சும்மா இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் லினக்ஸ் டிஸ்க்குக்காகத் தூங்கும் புராசஸ்களையும் அந்த எண்ணில் சேர்க்கிறது.

ரீட்ரை (தோற்ற கோரிக்கையை மறுபடி முயல்வது) பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றும் மூன்று முறை முயலும் என்றால், ஒரே ஒரு வாடிக்கையாளர் சொடுக்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸை 27 தடவை தட்டலாம். ஏற்கெனவே மூச்சுத்திணறும் சேவை இதில் எழவே எழாது. ரீட்ரை ஒரு அடுக்கில் மட்டும் இருக்கட்டும், இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகட்டும், அதில் சிறிது தற்செயலும் கலக்கட்டும். இல்லையென்றால் எல்லாப் பாட்களும் ஒரே வினாடியில் திரும்பி வரும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் கோ மொழியின் இயல்பான எச்டிடிபி கிளையண்டும் நாம் சொல்லாவிட்டால் ஒரு கோரிக்கை மொத்தத்துக்கும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற டைம்அவுட் வைப்பதில்லை. இதைப் புதியவருடைய முதல் கோட் ரிவ்யூவிலேயே சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் லைவ்னெஸ் சோதனை, அதாவது பாட் உயிரோடு இருக்கிறதா என்று குபெர்னெட்டிஸ் பார்ப்பது. அதில் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்க்கும்படி எழுதுவது அக்கறைபோலத் தெரியும். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினால், நன்றாக இருக்கும் எல்லாப் பாட்களையும் குபெர்னெட்டிஸ் ஒன்றாகக் கொன்று மறுபடி எழுப்பும். எழுந்த எல்லாம் ஒரே நேரத்தில் இணைப்பைக் கேட்கும். டேட்டாபேஸ் சோதனையை ரெடினெஸ்ஸில் (பாட் கோரிக்கை வாங்கத் தயாரா என்ற சோதனையில்) வைக்கலாமா என்பதையும் யோசித்தே முடிவெடுங்கள்: எல்லாப் பாட்களும் ஒரே டேட்டாபேஸை நம்பியிருந்தால் எல்லாமே ஒரே நேரத்தில் வரிசையிலிருந்து வெளியேறும்.

பேக்கப்பைப் பற்றி நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிக்கும் தளமான கிட்லேப்பில், தான் எந்த டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறோம் என்பதை ஒரு பொறியாளர் மாற்றி எண்ணியதால் முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறை அழிந்தது. சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜிபி. வழக்கமான பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தவில்லை, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டது. அதனால்தான் நாம் படிக்க முடிகிறது. புதியவர் ஆன்-காலுக்கு முன் கடைசி பேக்கப்பைத் தனி மெஷினில் தானே மீட்டு, மூன்று முக்கிய டேபிள்களின் வரிகளை எண்ணி, கடைசி வரியின் நேரத்தைப் பார்த்து, மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று ரன்புக்கில் எழுதட்டும். புரொடக்‌ஷன் டெர்மினலின் பின்னணி நிறத்தை வேறாக்குவது ஐந்து நிமிட வேலை. அதையும் செய்துவிடுங்கள்.

சான்றிதழ் காலாவதி ஒரு வரியில்: பாதுகாப்பான இணைய இணைப்புக்கான பொது டிஎல்எஸ் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச் முதல் 47 நாளாகிறது, ஆகவே கையால் புதுப்பிக்கும் எந்த வேலையையும் புதியவரின் நினைவூட்டலில் ஏற்றாமல் தானியங்கியாக்குங்கள்.

ரன்புக் சரியாக இருக்கிறதா என்று எழுதியவரால் சொல்ல முடியாது. புதியவரை அதன்படி நடக்கச் சொல்லி, எழுதியவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். அவர் எங்கே நின்று கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. ஒவ்வொரு அலர்ட்டுக்கும் வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு, முதலில் பார்க்க வேண்டிய வரைபடம் எது, பாதுகாப்பாகச் செய்யக்கூடிய முதல் செயல் எது, யாரை எழுப்புவது என்ற நான்கும் இருக்க வேண்டும். எதுவும் செய்யத் தேவையில்லாத அலர்ட்டை நீக்கிவிடுங்கள். பத்து வெற்று அலர்ட்டுக்குப் பழகியவர் பதினொன்றாவதையும் அப்படித்தான் பார்ப்பார்.

பிறகு பயிற்சி. முதல் சுற்றில் அனுபவசாலி கையாள, புதியவர் கூட இருந்து பார்க்கட்டும். அடுத்த சுற்றில் புதியவர் கையாள, அனுபவசாலி பக்கத்தில் இருக்கட்டும். இடையில் ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான நகல் அமைப்பில்) நீங்களே மூன்றை உடைத்து வையுங்கள்: டிஸ்க்கை நிரப்புங்கள், ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துப் பூலை அடைத்துவிடுங்கள், தவறான கான்ஃபிக் ஒன்றை டெப்ளாய் செய்யுங்கள். எது என்று சொல்லாதீர்கள். அவர் செய்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதட்டும், யுடிசி (உலகப் பொது) நேரத்தில். லாக் ஒரு நேரத்திலும் டாஷ்போர்டு ஒரு நேரத்திலும் காட்டினால் காரணத்துக்கு முன்பே விளைவு வந்ததுபோலத் தெரியும். குழப்பம் அங்கேயே தொடங்கும்.

15 நிமிடத்தில் நிலைமை மேம்படவில்லை என்றால் இரண்டாமவரை எழுப்ப வேண்டும் என்பதை விதியாக வையுங்கள்; விருப்பமாக விட்டால் புதியவர்கள் எழுப்பத் தயங்குவார்கள். அந்த இரண்டாமவர் யார், அவருடைய எண் என்ன என்பது பட்டியலில் பெயரோடு இருக்கட்டும். இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு என்பதையும் அதே பட்டியலின் அடியில் எழுதுங்கள், அவர் கேட்டுப் பெற வேண்டியதாக அது இருக்கக் கூடாது. அன்று காலைக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடாதீர்கள். இரவில் அவர் எழுதி வைத்த குறிப்பைப் படித்தால் போதும்.

இப்படிக்கு,
ஆன்-கால் சுற்றில் இருக்கும் பேக்எண்ட் பொறியாளர்கள்